மலைமேல் பெயரற்ற பொருள்கள்

அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், வானம் தெளிந்த நாள்களில், நீலமலைத் தொடர் ஒரு மதில்போல எழுந்து நிற்பதைக் காணலாம். நம் பகுதி மக்களுக்கு அம்மலை கோடை விடுமுறைக்குரிய இடம். தேயிலையும் உருளைக்கிழங்கும் இறங்கி வரும் இடம். 1868 வரை அது நம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பது பலர் நினைவில் இல்லை. அண்மையில் பங்கு மக்கள் சிலரோடு அங்குச் சென்றோம். பூங்காவும் படகுத்துறையும் காண்பதே வந்தவர்களின் விருப்பம். நாமோ அவர்களைச் சிறிய அருங்காட்சியகங்களுக்கு இட்டுச் சென்றோம். வண்டிக்குள் முணுமுணுப்பு எழாமல் இல்லை. நூலுக்கு மதிப்புரை எழுதுவதுபோல் காட்சிக்கூடத்திற்கும் எழுதலாம் அன்றோ? இவையும் வாசிக்கப்படுவதற்காகவே அமைந்தவை.

முதலில் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கு. 1815-இல் கோயம்புத்தூர் ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, இங்கு வீடொன்று கட்டினார். நீலமலையில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் வீடு இதுவே என்பர். நெடுங்காலம் பாழடைந்து கிடந்த அதனை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்து நினைவகமாக்கினார்கள். பழைய நிழற்படங்களும், ஆவணப் படிகளும், மலைமக்கள் பற்றிய குறிப்புகளும் அங்கு உள்ளன. ஆரவாரமில்லாத, நேர்மையான முயற்சி. பெரிய நகரத்துக் காட்சியகங்களின் கூட்டத்தில் நமக்குக் கிடைக்காத அமைதி இங்கே கிடைத்தது. ஒரு படத்தின் முன் கால்மணி நேரம் நின்றாலும் நகரச் சொல்வார் இல்லை.

ஆயினும் சல்லிவன் பெயரோடு நம் நாவில் ஒட்டிக்கொண்ட சொல் ஒன்று நம்மை உறுத்துகிறது. அவர் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்கிறோம். அவர் வருமுன்பே தோடர் எருமை மேய்த்தனர். கோத்தர் இரும்படித்தனர், பானை வனைந்தனர். படுகர் உழுது விதைத்தனர். குறும்பரும் இருளரும் காட்டை அறிந்திருந்தனர். தம் வீட்டிலேயே இருந்தவர்களை எவ்வாறு ஒருவர் கண்டுபிடிக்க முடியும்? சல்லிவனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தோடரின் நில உரிமைக்காகத் தம் அரசோடு வாதாடியவர் அவர். தாமே அம்மலையில் பெருநிலம் வாங்கிக்கொண்டவரும் அவரே. மனிதர் பலரும் இப்படித்தான் இரண்டு பாதியாக இருக்கிறார்கள்.

வெளியார் வருகை என்று கணக்கெடுத்தாலும் சல்லிவன் முதல்வர் அல்லர். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பாக, 1603-இல், மலையாளக் கரையிலிருந்து இயேசு சபைக் குரு ஜியாகோமோ ஃபெனிசியோ இம்மலைமீது ஏறினார். புனித தோமாவின் கிறிஸ்தவர்கள் மலைமேல் மறைந்து வாழ்கிறார்கள் என்ற செய்தியே அவரை ஏறச் செய்தது. அவர் கண்டவர்கள் கிறிஸ்தவர் அல்லர், தோடரும் படுகருமே. அவர்களது எருமைகளையும், பூசகர்களையும், மணமுறைகளையும் பற்றி விரிவாக எழுதினார். அம்மடலின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1906-இல் வெளிவந்த தோடர் பற்றிய தம் நூலில் ரிவர்ஸ் என்னும் அறிஞர் சேர்த்துள்ளார். அங்கிருந்த பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் நூற்கண்டுகளையும் ஃபெனிசியோ கொடுத்தாராம்.

அக்கண்ணாடிகளைப் பற்றி வண்டியில் செல்கையில் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். நம் குரு ஒருவர் தம்மவரைத் தேடி மலையேறினார், அயலவரைக் கண்டார், அவர்கள் தம் முகத்தைத் தாமே பார்க்கும் கருவியைக் கொடுத்து இறங்கினார். அருங்காட்சியகம் என்பதும் ஒரு கண்ணாடிதான். அதில் யாருடைய முகம் தெரிகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மலையின் மிகப் பழைய செல்வம் மலையில் இல்லை என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸ் பழைய கல்வட்டங்களையும் ஈமக்குழிகளையும் அகழ்ந்தார். அவரது நூல் 1873-இல் வெளிவந்தது. அவர் எடுத்த சுடுமண் உருவங்களும் வெண்கலக் கிண்ணங்களும் சென்னை அருங்காட்சியகத்திற்குச் சென்றன. நீலமலைத் தொல்பொருள்கள் இலண்டனிலும் இருக்கின்றன. இச்சிறு காட்சிக்கூடங்களின் வறுமையைக் கண்டு உதட்டைப் பிதுக்குவோர் இதனை நினைவில் கொள்வது நலம்.

அடுத்து, உதகையிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் முத்தோரைப் பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம். 1983-இல் தொடங்கப்பெற்றது. தமிழகப் பழங்குடி மக்களின் கருவிகள், அணிகலன்கள், ஆடைகள், குடில்களின் மாதிரிகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் காண இதைவிடச் சிறந்த இடம் அறியோம். எம்மோடு வந்த இளைஞர்கள், நீலகிரியில் தோடர் என்றோர் இனம் மட்டுமே உண்டு என்று எண்ணியிருந்தவர்கள், இங்கேதான் கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று எண்ணக் கற்றார்கள். அதற்காகவே நன்றி கூறலாம்.

ஆனால் பழங்குடியினர் பொருள்களைக் காட்டும் கூடங்கள் உலகெங்கும் பின்பற்றி வந்த ஒரு மரபு உண்டு. கூடையின் கீழ் இனப்பெயர் இருக்கும். முடைந்தவர் பெயர் இராது. சால்வையின் கீழ் அதன் பயன் இருக்கும்; தைத்தவர் பெயர் இராது. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சால்வைக்குப் பல வாரங்கள் கண்ணைச் செலவிடும் பெண்ணுக்குப் பெயர் இல்லாமலா போகும்?

இன்னொரு குறையும் இம்மரபில் உண்டு. அதைச் சொல்ல நம் ஊர்க் கதை ஒன்று உதவும். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது சைவப் பெருமக்கள் போற்றும் வரலாறு. சிறு வயதில் நாம் இதனைக் கேட்டபோது பிள்ளை திரும்பியதே வியப்பாக இருந்தது. இப்போது வேறொன்று வியப்பூட்டுகிறது. பிள்ளை விழுங்கப்பட்ட வயதில் திரும்பவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு திரும்பினான். நம் காட்சிக்கூடங்கள் விழுங்கிய மனிதரை விழுங்கிய வயதிலேயே வைத்திருக்கின்றன. தோடரென்றால் 1870-ஆம் ஆண்டின் நிழற்படத்துத் தோடர். அவருடைய பேரப்பிள்ளைகள் கல்லூரி சென்றதும், நிலத்துக்காக மனுக்கொடுத்ததும், எருமைகள் குறைந்து போனதும் கண்ணாடிப் பேழைக்குள் வருவது அரிது.

பிறரைப் பற்றிப் பேசியது போதும். நம் வீட்டுக்கு வருவோம். நீலமலையை விட்டுப் பழனிமலைக்குச் செல்கிறோம்; இப்பயணத்தில் அன்று, குருமட நாள்களின் நினைவில். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அதனைச் சார்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தமிழகத்தில் திருச்சபையின் கை அமைத்த காட்சியகங்களுள் தலையாயது என்று தயங்காமல் கூறுவோம். பறவைகள், பூச்சிகள், பாம்புகள், அயலே ஆர்க்கிட் செடிகள். படைப்பை உற்றுநோக்குவதும் ஒருவகைச் செபமே என்பதை விரிவுரைகளைவிட அக்கூடமே நமக்குச் சொன்னது. ஆங்லாட், நியூட்டன் என்னும் இரு குருக்கள் பழனிமலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. இன்றும் ஆய்வாளர் அதனை எடுத்துப் பார்க்கிறார்கள்.

உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டும் அறிவியல் மரபைக் கவனித்தவர்கள் அறிவார்கள்: செடியின் பெயர், பறித்த இடம், பறித்த நாள், பறித்தவர் பெயர் ஆகிய நான்கும் இல்லாத தாளுக்கு மதிப்பில்லை. ஒரு புல்லுக்குச் செய்த இந்த மரியாதை பளியர் ஒருவரின் தேன்கூடைக்கோ அம்புக்கோ உலகக் காட்சியகங்கள் எவற்றிலும் எளிதில் கிடைக்கவில்லை. கல்திட்டைகள் இருக்கும் காட்டுக்குள் அக்குருக்களுக்கு வழிகாட்டியவர்கள் மலைமக்களாகவே இருந்திருக்க வேண்டும். அவர்கள் யாவர்?

உரோமையும் இக்கேள்விக்கு விலக்கன்று. 1925-ஆம் புனித ஆண்டில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் வத்திக்கானில் மறைபரப்புப் பொருட்காட்சி நடத்தினார். எல்லாக் கண்டங்களிலிருந்தும் மறைபணியாளர் அனுப்பிய பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றுள் கனடா நாட்டு முதற்குடிகளின் பொருள்களும் இருந்தன. அவை அன்பளிப்பு என்று ஒரு சாராரும், மனமுவந்து கொடுக்கும் நிலையில் அம்மக்கள் அன்று இருந்தார்களா என்று மறுசாராரும் வாதிட்டனர். நூறு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், திருத்தந்தை பதினான்காம் லியோ 62 பொருள்களைக் கனடா ஆயர்களிடம், அம்மக்களிடம் சேர்ப்பிக்குமாறு ஒப்படைத்தார். திருச்சபைக் காட்சியகங்களின் மேய்ப்புப் பணி பற்றி 2001-இல் உரோமை வெளியிட்ட சுற்றுமடல், காட்சியகம் பொருள்களின் கிடங்காகி விடலாகாது, வாழும் சமூகத்தின் நினைவாக இருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்திருந்தது. சொல் செயலாவதற்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

நினைவு என்பது நமக்குப் பெயரோடு பிணைந்தது. பண்டைய திருச்சபையில் இரட்டைப் பலகைகளில் எழுதிய பெயர்களைத் திருப்பலியில் வாசித்தார்கள். இன்றும் நவம்பரில் இறந்தோரின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பீடத்தருகே வைக்கிறோம். 'நம் முன்னோர்' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவதில்லை. பெயரைச் சொன்ன பிறகே மகதலா மரியா கல்லறைத் தோட்டத்தில் தம் ஆண்டவரை அறிந்துகொண்டாள்.

இவ்வளவும் எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற ஐயம் எழாமல் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், பழைய சக்ரீஸ்தை அறையை இடித்துக் கட்டினோம். கரையான் ஏறிய நோட்டுகள் சில இருந்தன. அவற்றுள் ஒன்று அக்காலத்து உபதேசியார் ஒருவர் வீடுவீடாகச் சென்று எழுதிய பெரிய பேரேடு. திருமுழுக்குப் பதிவேடுகள்தாம் பத்திரமாக இருக்கின்றனவே என்று எண்ணி, மற்றவற்றைக் குப்பையோடு எரிக்கச் சொன்னோம். நமது ஆணைதான், வேறு எவர் மீதும் பழியில்லை. சில மாதங்கள் கழித்து மூதாட்டி ஒருவர் வந்து கேட்டார்: "ஏனுங் சாமி, எங்க அப்பாரு பேரு எழுதியிருந்த அந்தப் பெரிய நோட்டு எங்கீங்?" அலமாரியில் தேடிப் பார்ப்பதாகக் கூறினோம். இல்லை என்பது தெரிந்தே கூறினோம்.

கன்னேரிமுக்கில் நிழற்படங்களின் முன் நின்றபோது அம்மூதாட்டியின் முகம்தான் நம் கண்முன் வந்தது. பெயரில்லாத மலைமக்களின் படங்களைக் குறைகூறிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கை சற்று நின்றது.

திரும்பி வந்த வாரம் பங்கு மக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். காட்சியகம் அமைக்கும் பொருள்வளம் நமக்கில்லை. அதற்குரிய அறையும் இல்லை. வீட்டில் பழைய பொருள் எதுவாயினும் கொண்டு வாருங்கள். பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடையது, எவ்வூரிலிருந்து வந்தது, யார் கொடுத்தது என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்றோம். முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு பிஸ்கட் டப்பா ஒன்றில் தேய்ந்த செபமாலையும் பித்தளைச் சிலுவையும் வந்தன. கொண்டு வந்தவருக்குத் தம் பாட்டனாரின் பெயர் தெரியும், பாட்டியின் பெயர் தெரியவில்லை. வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அந்த வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.