மடல் எழுதுபவர் யார்? – 'தி மிஷன்' திரைக்கதையில் வரலாறும் சமயமும்

கிறித்தவச் சமயப் பொருளை வரலாற்றுக் களத்தில் வைத்துத் திரைக்கதை எழுதுவோருக்குச் சான்றுகளின் இன்மையைவிட அவற்றின் மிகுதியே பெருஞ்சிக்கலாகிறது. திருச்சபை எழுத்தால் இயங்கிய நிறுவனம். மடல்கள், ஆண்டறிக்கைகள், விசாரணைக் குறிப்புகள் என அது விட்டுச்சென்ற தாள்கள் ஏராளம். அவற்றுள் யாருடைய தாளைக் கதையின் கண்ணாகக் கொள்வது என்னும் தெரிவிலேயே திரைக்கதையின் சார்பு வெளிப்பட்டுவிடுகிறது. ராபர்ட் போல்ட் எழுதி ரோலண்ட் ஜோஃபி இயக்கிய 'தி மிஷன்' (1986) இவ்வகையில் ஆராயத்தக்கது. கான் திரைப்பட விழாவில் உயரிய விருதினைப் பெற்ற இப்படத்தின் இசையும் ஒளிப்பதிவும் பெரிதும் பேசப்பட்ட அளவிற்கு அதன் எழுத்தமைப்பு பேசப்படவில்லை.

1750ஆம் ஆண்டின் மத்ரீது உடன்படிக்கைப்படி, உருகுவாய் ஆற்றின் கிழக்கே இருந்த ஏழு மறைப்பணி ஊர்களை ஸ்பெயின் போர்ச்சுகலுக்கு விட்டுக்கொடுத்தது. ஈடாகக் கொலோனியா தெல் சாக்ரமெந்தோ என்னும் துறைமுகக் குடியிருப்பைப் பெற ஒப்புக்கொண்டது. இயேசு சபையாரின் கண்காணிப்பில் அவ்வூர்களில் வாழ்ந்த குவாரானி மக்கள் வீடு, வயல், ஆலயம் அனைத்தையும் விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். மறுத்தவர்கள் மீது இரு பேரரசுகளின் படைகளும் ஏவப்பட்டன. 1756 பிப்ரவரி 10 அன்று கைபாத்தேயில் நிகழ்ந்த ஒரே மோதலில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட குவாரானியர் மாண்டனர். இத்தனை உயிர்களைக் கொண்ட உடன்படிக்கை 1761இல் இரு முடியரசுகளாலும் கைவிடப்பட்டது.

போல்ட் இவ்வரலாற்றை ஒரு மடலுக்குள் அடக்குகிறார். படத்தின் தொடக்கத்தில் பாப்பரசரின் தூதராகிய அல்தமிரானோ தம் பணி முடிந்ததை அறிவிக்கும் மடலைச் சொல்லச் சொல்ல எழுதுவிக்கிறார். முதலில் உண்மை கசப்பாக வெளிப்படுகிறது. உடனே அவர் அதனை நிறுத்தி, அலுவல் நடைக்கு மாறி, மீண்டும் தொடங்குகிறார். வரலாற்று ஆவணம் என்பது அடிக்கப்பட்ட முதல் வரியின் மேல் எழுதப்பட்ட இரண்டாம் வரி என்பதை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய திரைக்கதைகள் அரியன. படத்தின் தலைசிறந்த எழுத்து இதுவே எனலாம்.

இத்தூதரின் உருவாக்கத்தில் போல்ட் பெருமளவு உரிமை எடுத்துக்கொண்டுள்ளார். 1752இல் அங்கு வந்த லோப்பே லூயிஸ் அல்தமிரானோ கர்தினால் அல்லர். பாப்பரசரின் தூதரும் அல்லர். உடன்படிக்கையை நிறைவேற்ற இயேசு சபைத் தலைவரால் அனுப்பப்பட்ட, அதே சபையைச் சார்ந்த துறவி அவர். முடிவு ஐரோப்பாவில் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. படத்தில் இடம்பெறும் விசாரணையும் ஊர்களைப் பார்வையிடும் பயணமும் முடிவு இன்னும் மாறக்கூடும் என்ற எதிர்பார்ப்பை எழுப்புகின்றன. நாடக நயத்திற்காகச் செய்யப்பட்ட இம்மாற்றத்தைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அதன் விளைவு ஒன்று உண்டு: போராட்டம் மேலை நாட்டுத் துறவி ஒருவரின் மனச்சான்றுக்குள் குடியேறிவிடுகிறது. தாமஸ் மோரைப் பற்றிய 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நாடகத்தின் முன்னுரையில் தாம் கத்தோலிக்கர் அல்லர் என்று கூறிக்கொண்ட போல்ட், சமயத்தை எப்போதும் தனிமனித மனச்சான்றின் வழியாகவே அணுகியவர். மோருக்கு அது பொருந்தியது. ஓர் இனமே வேரோடு பெயர்க்கப்படும் கதைக்கு அது போதவில்லை.

காரணம், எதிர்த்தரப்பிலும் மடல்கள் இருந்தன. 1753இல் குவாரானி ஊர்த் தலைவர்கள் புவனோஸ் அயர்ஸ் ஆளுநருக்குத் தம் மொழியிலேயே மடல்கள் விடுத்தனர். அவற்றுள் ஏழு இன்றும் கிடைக்கின்றன. தம்மைக் காப்பதாக வாக்களித்த அரசர் தம் நிலத்தைப் பகைவருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்க முடியாது என்றும், அந்நிலம் இறைவன் தமக்கு அளித்தது என்றும் அவர்கள் வாதிட்டனர். இது கிறித்தவத்தின் உள்ளே நின்று, அதன் சொற்களைக் கொண்டே கிறித்தவ அரசனிடம் தொடுக்கப்பட்ட வழக்கு. 'கிறித்தவக் கருப்பொருள்' என்பதற்கு இதனினும் வலிய சான்று அவ்வரலாற்றில் இல்லை. திரைக்கதையில் அதற்கு இடமும் இல்லை.

படத்தில் குவாரானியரின் பேச்சு பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாமல் விடப்படுகிறது. தலைவனின் வினா தூதரைச் சென்றடைவது காப்ரியேல் பாதிரியாரின் வாய்வழியே. மொழி இருக்க வேண்டிய இடத்தில் இசை அமர்த்தப்படுகிறது: காப்ரியேல் ஓபோ என்னும் குழலை ஊதி அம்மக்களை ஈர்க்கிறார்; சிறுவன் ஒருவன் பாடி அவர்களது மாந்தத் தன்மையை அவையோர்க்கு மெய்ப்பிக்க வேண்டியவனாகிறான். குவாரானியர் இசையில் வல்லவராக விளங்கியது வரலாற்று உண்மையே. ஆனால் அம்மறைப்பணி மொழியின் மேல் எழுந்தது. தமிழறிஞர்க்கு இது புதிய செய்தியன்று. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் அச்சேற்றிய அதே இயேசு சபையைச் சேர்ந்த மொந்தோயா, குவாரானி அகராதியை 1639இல் வெளியிட்டார். பின்னர் அவ்வூர்களிலேயே அச்சகம் இயங்கியது. நிக்கோலாஸ் யாபுகுவாய் என்னும் குவாரானியர் எழுதிய மறைக்கல்வி விளக்கநூல் 1724இல் அங்கு அச்சாயிற்று. நூலாசிரியர்களைப் பெற்றிருந்த ஒரு மக்களைத் திரைக்கதை பாடகர்களாக மட்டுமே காண்கிறது.

திரை காட்சிக் கலை, மடல்களைப் படித்துக்காட்ட இயலாது என்று இதற்கு விடை கூறப்படலாம். மடலோடு தொடங்கும் படத்திற்கு அவ்விடை பொருந்தாது.

இறுதிப் போரில் மெந்தோசா கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டைத் துறந்து வாளேந்துகிறார். காப்ரியேல் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணையை ஏந்திப் பவனியாக நடந்து சுடப்படுகிறார். இரு வழிகளுள் எது நற்செய்திக்கு உரியது என்ற வினாவிற்குப் போல்ட் விடை தராமல் விட்டது அவரது நேர்மை. ஆயின் அவ்வினா இரு துறவியருக்கு இடையே மட்டும் நிகழ்கிறது. குவாரானியர் இருவர் பின்னும் பிரிந்து நின்று மடிகின்றனர். எஞ்சிய சிறுவர்கள் ஓடத்தில் ஏறிப் புறப்படும்போது நீரிலிருந்து ஒரு வயலின் எடுக்கப்படுகிறது. அவ்வூர்களில் எழுதப்பட்ட தாள் ஒன்றும் அந்நீரில் மிதந்திருக்கலாம்.