ஒன்பது கிராம் கோடு

2004 ஏப்ரல் 1ஆம் தேதி, இந்தியாவில் எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அடுத்த பத்தாண்டில், சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதை நோய் எதிர்ப்புச் செல்களின் அளவான சிடி4 எண்ணிக்கை சொன்னது. எந்த மாத்திரையில் தொடங்குவது என்பதைப் பெரும்பாலும் ஹீமோகுளோபின் சொன்னது. டெசிலிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் இருந்தால் ஜிடோவுடின், கீழே இருந்தால் ஸ்டாவுடின். பிறகு அந்தக் கோடு 9க்கு உயர்ந்தது, ஸ்டாவுடின் இருந்த இடத்துக்கு டெனோஃபோவிர் வந்தது. இந்த ஒற்றைக் கோடு எவ்வளவு நல்லது செய்தது, எதைப் பார்க்கவிடாமல் செய்தது என்று இப்போதாவது எடைபோட வேண்டும்.

கோடு எதற்காக வந்தது என்பதற்கு ஜிடோவுடினின் கதையைப் பார்க்க வேண்டும். 1964இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்காக உருவாக்கிய மூலக்கூறு அது. புற்றுநோய்க்கு உதவவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகள் கிடப்பில் கிடந்துவிட்டு, 1987 மார்ச்சில் எய்ட்ஸுக்கான முதல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் 282 பேர் பங்கேற்றார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 பேரும் ஜிடோவுடின் எடுத்தவர்களில் ஒருவரும் இறந்திருந்த நிலையில் சோதனையை நிறுத்தி எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அதே சோதனையின் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மருந்து எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே இறங்கியது. வெற்று மாத்திரைக்காரர்களில் அது 4 சதவீதம்தான். ஐந்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அன்றைய அளவு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம். பிறகு அது 600க்குக் குறைக்கப்பட்டது. ரத்தசோகையும் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. வைரஸ் தன்னைப் பிரதியெடுப்பதைத் தடுக்கும் இந்த மருந்து, ஓயாமல் செல்களைப் பெருக்கிக்கொண்டிருக்கும் எலும்பு மஜ்ஜையையும் சும்மா விடுவதில்லை.

எனவே ஏற்கெனவே ரத்தம் குறைந்தவருக்கு இதைக் கொடுக்காதே என்று ஒரு கோடு போட்டதில் பிழையில்லை. அதன் நடைமுறைச் சிறப்பையும் குறைத்துச் சொல்ல முடியாது. சிடி4 கருவி மாவட்டத்துக்கு ஒன்று இருந்தாலே பெரிது என்றிருந்த காலம் அது. ஹீமோகுளோபின் பார்ப்பதற்கோ சில துளி ரத்தமும் தாலுகா மருத்துவமனை ஆய்வகமும் போதும். ரத்தவியல் நிபுணர் இல்லாத ஊரில், எம்.பி.பி.எஸ். முடித்த ஒரு மருத்துவ அலுவலர் ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும்போதும் தவறாமல் கடைப்பிடிக்கக்கூடிய விதி. முதல் சில மாதங்களில்தான் ஆபத்து அதிகம் என்பதால் 15ஆம் நாளிலும் அடுத்தடுத்த மாதங்களிலும் ரத்தம் பார்க்கச் சொன்னதும் சரியான யோசனைதான். இந்த ஒழுங்கு எத்தனையோ பேரை ரத்தம் ஏற்றும் கட்டிலுக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கும்.

ஆனால் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் யார்? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. எச்.ஐ.வி. வருவதற்கு முன்பே வறுமையும் மாதவிலக்கும் பிரசவமும் குறைத்துவைத்த ரத்தம் அது. அப்படிப்பட்ட நாட்டில் 8, 9 என்று கோடு கிழித்தால் கீழே விழுபவர்களில் பெண்கள் கூடுதலாக இருப்பார்கள் என்று தெரிய பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். முதல் சில ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்தது ஸ்டாவுடின். கை கால் எரிச்சல் தரும், கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒடுங்கவைக்கும் மருந்து அது. நோயை ஊருக்கு மறைத்து வாழ வேண்டியிருந்த பெண்ணுக்கு அந்த ஒட்டிய கன்னம் என்ன செய்திருக்கும் என்பதை நெறிமுறை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதன் பயன்பாட்டைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009 இறுதியில்தான் சொன்னது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் எண்ணாகவே பார்க்கப்பட்டது; அது ஏன் குறைந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போனது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு ரத்தம் குறையக் காரணங்கள் பல. தொடர் அழற்சியால் உடலில் இருக்கும் இரும்பே பயன்படாமல் பூட்டப்படுகிறது; இப்படிப்பட்டவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பதில் பெரிய பலனில்லை. பார்வோ பி19 என்ற வைரஸ் சிவப்பணு உற்பத்தியையே நிறுத்திவிடும். பிற தொற்றுகளைத் தடுக்கத் தரும் கோட்ரைமாக்சசோல் வெள்ளையணுக்களைக் குறைக்கலாம். அது ஒத்துக்கொள்ளாதவருக்குக் கொடுக்கும் டாப்சோன் சிலருக்குச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே காசநோய். எலும்பு மஜ்ஜை வரை பரவிய காசநோய், இருமலே இல்லாமல் ரத்தசோகையாக மட்டும் முகம் காட்டுவதுண்டு. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை என்று நான்கு கேள்வி கேட்கும் வழக்கமான சல்லடையில் இப்படிப்பட்டவர் சிக்கமாட்டார்.

கோடு போக்கையும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் 8.6இல் நிலையாக இருக்கும் கூலிக்காரப் பெண் கோட்டைத் தாண்டமாட்டார். மூன்று மாதத்தில் 13இலிருந்து 9.2க்குச் சரிந்த ஆண் தாண்டிவிடுவார். இருவரில் அவசரமாகக் கவனிக்க வேண்டியவர் யார் என்று எந்த மருத்துவரும் சொல்லிவிடுவார், விதி சொல்லாது.

ஜிடோவுடின் விட்டுச்சென்ற குழப்பம் வேறு. அதை ஒழுங்காக விழுங்குபவரின் சிவப்பணுக்கள் பருத்துவிடும். மாத்திரை சாப்பிடுகிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க மருத்துவர்கள் அந்த அளவைப் பார்த்ததும் உண்டு. நோயாளியின் வாய்வார்த்தையைவிட அணுவை நம்பிய காலம்! பி12 குறைந்தாலும் அணு பருக்கும். மருந்தின் விளைவு என்று ஒதுக்கப்பட்ட பருத்த அணுக்களில் உண்மையான பி12 குறைபாடு எத்தனை ஒளிந்திருந்ததோ. தட்டணு விஷயத்தில் இதே மருந்து நேர்மாறாக நடந்துகொண்டது. எச்.ஐ.வி.யால் தட்டணு குறைந்தவர்களுக்கு அதை ஏற்றிவிட்ட முதல் மருந்துகளில் ஜிடோவுடினும் ஒன்று.

அமெரிக்காவில் 32,867 பேரின் பதிவுகளை அலசி 1998இல் வெளியான ஆய்வு இந்த விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எய்ட்ஸைக் காட்டும் நோய்கள் வந்துவிட்டவர்களில் ஓராண்டுக்குள் 37 சதவீதம் பேருக்கு ரத்தசோகை வந்தது. சிடி4 ஒரே அளவில் இருந்தாலும் ரத்தசோகை உள்ளவர்களின் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ரத்தம் மீண்டவர்களுக்கு அபாயம் குறைந்தது. ஆக, ஹீமோகுளோபின் உயிர் பற்றிய செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தது. நாம் அதை மருந்துப்பட்டியல் விஷயமாகச் சுருக்கிக்கொண்டோம்.

2021 தேசிய நெறிமுறைப்படி முதல்நிலைச் சிகிச்சை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. இவை மஜ்ஜையைப் பெரிதாகத் தொடுவதில்லை. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் டெனோஃபோவிர் வந்ததும் கவனம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினுக்குத் தாவியது. ஜிடோவுடினுக்காகவே பார்க்கப்பட்ட ஹீமோகுளோபின், முதல்நிலையிலிருந்து அந்த மருந்து போனதும் பலருக்குச் சடங்காகிவிட்டது. நோயோ பழைய நோய்தான், காசநோயும் போய்விடவில்லை. இரண்டாம்நிலைச் சிகிச்சையிலும், எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த சில குழந்தைகளுக்கும் ஜிடோவுடின் இன்னமும் கொடுக்கப்படுகிறது.

கோட்டை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜிடோவுடின் இருக்கும்வரை அது இருக்கட்டும். கூடவே இன்னொரு விதியைக் கட்டாயமாக்க வேண்டும். முந்தைய அளவைவிட ஹீமோகுளோபின் 2 கிராம் இறங்கியிருந்தால், 9க்கு மேலே இருந்தாலும் சரி, இருமல் இல்லாவிட்டாலும் சரி, அவருக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். ரத்தத்தில் எந்த அணு குறைகிறது, அணுவின் அளவு என்ன என்பதையும் அதே சீட்டில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். முழு ரத்த அணுப் பரிசோதனை செய்யும் கருவி நம் மாவட்ட மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது.