பந்து இல்லாதவரைப் பாருங்கள்

'எஸ்கேப் டு விக்டரி' என்றதும் உதைபந்தாட்ட ரசிகர்களுக்கு நினைவு வருவது ஒரேயொரு உதைதான். பெலே அந்தரத்தில் மல்லாந்து, தலைக்கு மேலால் பந்தை வலைக்குள் அடிக்கும் அந்தக் கோல். ஆனால் ஜோன் ஹுஸ்டன் இயக்கி 1981 இல் வெளிவந்த அந்த ஹொலிவூட் படத்தில் அதைவிடப் பெரிய ஆட்டம் இருக்கிறது. எருக்கலம்பிட்டியில் கசெட் போட்டுப் பார்த்த தலைமுறைக்கு அதில் பெரும்பகுதி காட்டப்படவே இல்லை.

காரணம் எளிது. படம் பனாவிஷன் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டது. அதன் அகலம் உயரத்தைப்போல் இரண்டே கால் மடங்குக்கும் அதிகம். அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியோ நான்குக்கு மூன்று. பெட்டியை நிரப்புவதற்காகக் கசெட்காரர்கள் இரு பக்கமும் வெட்டினார்கள். அகலத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் அப்படியே போனது. காதல் படமென்றால் இரண்டு முகம் மிஞ்சினாலே போதும். உதைபந்தாட்டத்தில் ஓரங்களை வெட்டினால் ஆட்டமே இல்லை. பந்தை அனுப்புகிறவர் தெரிவார், வாங்கப் போகிறவர் தெரியமாட்டார். பந்து எங்கிருந்தோ வந்து எங்கோ போகும். டிவிடியும் ப்ளூரேயும் முழு அகலத்தைத் திருப்பித் தந்த பிறகுதான் அந்த மைதானத்துக்கு இரு ஓரமும் இருப்பதே கண்ணில் படுகிறது.

எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த டெக்கில்தான் நம்மூரில் இப்படிப்பட்ட படங்கள் ஓடின. 1990 ஒக்டோபரில் ஊரே வெளியேற்றப்பட்டுக் கடல்வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போனபோது, டெக்கையும் கசெட்டையும் யார் தூக்குவது? எல்லாம் வீட்டோடு போயிற்று. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் பற்றி வாப்பாமார் சொன்ன கதைதான் மிச்சம். ஆகவே இதை ஒரு பழைய படமாக இல்லாமல், இன்றைக்கு முதன்முறை பார்க்கும் ஒரு போட்டியாகவே அலசுகிறேன்.

களம் கதைப்படி ஜேர்மனியரின் பிடியிலிருந்த பாரிஸ், படமாக்கியது புடாபெஸ்டில். போர்க்கைதிகள் அணிக்கும் ஜேர்மன் அணிக்கும் ஆட்டம். தலைவர் மைக்கல் கெய்னுக்கு அப்போது 47 வயது. ஓட வேண்டிய இடங்களில் அவருக்குப் பதிலாக ஓடியவர் இப்ஸ்விச் டவுன் வீரர் கெவின் பீட்டி. அந்த இப்ஸ்விச் அணி 1981 இல் யூஈஎஃப்ஏ கிண்ணத்தை வென்றது. அதன் வீரர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். பந்துக்குப் பந்து ஆட்ட நகர்வுகளை வடிவமைத்தவர் பெலே என்று படத்தின் எழுத்தோட்டமே சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1970 யூன் 7, குவாடலஹாராவில் பிரேசில் 1 – இங்கிலாந்து 0. பெலேயின் தலைமுட்டலைக் கோர்டன் பேங்க்ஸ் தட்டிவிட்டதும், பொபி மூரும் பெலேயும் சட்டை மாற்றிக்கொண்டதும் அன்றுதான். பத்து வருடத்துக்குப் பின் இந்தப் படத்தில் மூரும் பெலேயும் ஒரே அணி. சில்வெஸ்டர் ஸ்டாலோனுக்குக் கோல் காப்பு சொல்லிக்கொடுத்தவர் அதே பேங்க்ஸ்.

மூரைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். மூர், பெலே இருவருக்கும் படப்பிடிப்பின்போது வயது 39. பெலே 1977 இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். மூருக்கு வேகம் எந்தக் காலத்திலும் கிடையாது. ஊர்த் தம்பிமார் சிலரோடு டிஸ்க்கைப் போட்டபோது, பின்களத்தில் ஆடுகிற ஒருவன் ரிமோட்டை வாங்கி ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். "காக்கா, இவரு ஓடவேயில்லையே, பந்து எப்படி இவர்ட காலுக்கு வருது?" என்று கேட்டான். பயிற்சியாளர் ஒருவர் ஒரு பருவம் முழுக்கக் கத்தியும் புரியவைக்க முடியாத பாடம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பந்து வருவதற்கு முன்பே மூர் தோளைத் திருப்பி நிற்கிறார். எதிராளி அடி எடுத்துவைக்கும்போது இவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். வெட்டப்பட்ட கசெட்டில் அந்தத் திரும்பல் பெட்டிக்கு வெளியே நடந்தது.

ஆர்டிலஸின் வித்தை கசெட்டிலும் தெரிந்ததுதான். 1978 இல் அர்ஜென்டீனாவுக்காக உலகக் கிண்ணம் வென்றவர், குதிகாலால் பந்தைப் பின்னாலிருந்து கிளப்பி, தன் தலைக்கும் எதிராளி தலைக்கும் மேலால் போட்டு மறுபக்கம் போய் எடுக்கிறார். மன்னார்த் தீவில் ஆடியவனுக்கு இது கூடுதலாகவே உறைக்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் இங்கே பந்தை நிலத்தைவிட்டுக் கிளப்பினால் அது யாருக்கும் சொந்தமில்லை.

இனிப் பெலே. அந்தக் கோலைப் படம் பல கோணத்தில், மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஜேர்மன் அதிகாரியாக வரும் மெக்ஸ் வொன் சைடோ தன் ஆட்களுக்கு நடுவே எழுந்து நின்று கைதட்டுகிறார். படத்தின் ஆகச் சிறந்த நடிப்பு அது. ஆனால் நான் கவனிப்பது அதற்கு முன் நடப்பதை. முரட்டு அடி வாங்கி விலா நொந்த பெலே, ஒரு கையை உடம்போடு அணைத்தபடி மைதானத்துக்குத் திரும்புகிறார். ஓடுகிறவனுக்குக் கைதான் சமநிலை. ஒரு கையை இழந்த உடம்பு எப்படிச் சாயும், அடி எப்படிக் குறுகும் என்பதை அவர் ஒவ்வொரு எட்டிலும் காட்டுகிறார். நடிகர் இதை முகத்தால் காட்டியிருப்பார். பெலே இடுப்பாலும் காலாலும் காட்டுகிறார். அப்படிப்பட்டவர் மல்லாந்து பாயும்போதுதான் அந்த உதைக்கு விலை ஏறுகிறது.

போட்டியாகப் பார்த்தால் குறையும் உண்டு. இடைவேளையில் ஜேர்மனி 4–1 முன்னிலை, கைதிகளில் ஒருவர் காயத்தோடு வெளியே. பந்தை வைத்திருந்தாலே வென்றுவிடலாம் என்ற நிலையில் எந்தப் பயிற்சியாளரும் இடைவெளிகளை இப்படித் திறந்துவிடமாட்டார். இரண்டாவது பாதி கடிகாரப்படி நடக்கவில்லை. படத்தொகுப்பாளரின் கைப்படி நடக்கிறது. 4–4 என்ற முடிவை ஆட்டம் சம்பாதிக்கவில்லை.

அதைவிடக் கனமான ஒன்று. படத்தின் வேர் கியேவ் நகரத்தில் இருக்கிறது. 1942 ஓகஸ்ட் 9 அன்று அங்கே ஸ்டார்ட் என்ற அணி ஜேர்மன் அணியை 5–3 என வென்றது. பிறகு கைதாகி முகாமுக்குப் போன வீரர்களில் கோல் காப்பாளர் ட்ருசெவிச் உட்பட மூவர் 1943 பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹுஸ்டன் படத்தில் சனம் மைதானத்துக்குள் பாய்ந்து வீரர்களை அள்ளிக்கொண்டு போகிறது. முகாமில் இருந்தவர்கள் இந்த முடிவைக் குறை சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கியேவ் பற்றித் தெரிந்துகொண்டு பார்ப்பது அந்த வீரர்களுக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை.

கடைசித் தண்ட உதையைத் தவறவிடாதீர்கள். அடிக்க வருபவர் நியூயோர்க் கொஸ்மொஸில் ஆடிய வேர்னர் ரொத், தடுப்பவர் ஸ்டாலோன். ஸ்டாலோனின் பாய்ச்சல் பல இடங்களில் குத்துச்சண்டைக்காரன் விழுவதுபோல் இருக்கும். அவருக்கு மாற்றாக நின்றவர் இப்ஸ்விச்சின் போல் கூப்பர். 1979–80 பருவத்தில் தனக்கு எதிரான பத்துத் தண்ட உதைகளில் எட்டைத் தடுத்தவர். ரிமோட் கையில் இருக்கிறதல்லவா, ஆட்டம் முழுக்க ஒவ்வொரு பாய்ச்சலிலும் நிறுத்தி, முகம் தெரிகிறதா, முதுகு மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். கால் வைக்கும் விதத்தைப் பார்த்தே எது கோல் காப்பாளர், எது நடிகர் என்று நம்மூர்ப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.