தப்பும் தராசும் வானொலியும்: மலையக இளைஞரின் ‘கருவி மோகம்’ பற்றிய ஒரு மறுநோக்கு

மலையக இளைஞரின் கல்வி, ஒழுக்கம், எதிர்காலம் என்பன பற்றி நமது மேடைகளிலும் சஞ்சிகைகளிலும் நிகழும் விவாதங்களில் ஒரு குற்றச்சாட்டுத் தவறாது இடம்பெறுகின்றது. தோட்டத்து இளைஞன் கையடக்கத் தொலைபேசிக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் அடிமையாகிவிட்டான். உழைத்த காசை அவற்றிலே கரைக்கின்றான். தப்பையும் காமன் கூத்தையும் மறந்துவிட்டான் என்பதே அது. கவியரங்குகளிலும் தமிழ்த்தின நாடகங்களிலும் காதில் இயர்போன் செருகிய இளைஞன் நகைப்புக்குரிய பாத்திரமாகவே வந்து போகின்றான். ‘மோகம்’ என்ற ஒரு சொல்லினால் அவன் விளக்கப்பட்டும் விடுகின்றான். ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வில் இத்துணை ஆழமாக வேரோடிவிட்ட ஒன்றை இவ்வளவு எளிதாக விளக்கிவிட முடியுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். பசறைப் பகுதித் தோட்டங்களின் வாழ்க்கையையும் மலையக எழுத்துக்கள் சிலவற்றையும் துணையாகக் கொண்டு அதனை ஈண்டு நோக்குவோம்.

முதலில் ஒரு தெளிவு அவசியமாகின்றது. தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் கருவிகள் நேற்று வந்தவையல்ல. பெருந்தோட்டம் என்பதே கருவிகளால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஓர் உலகம். விடியுமுன் பிரட்டுக்கு அழைத்த தப்பு, தொழிற்சாலையின் சங்கு, கொழுந்து நிறுக்கும் தராசு, துரையின் மணிக்கூடு ஆகிய யாவும் கருவிகளே. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. அவை அவனை எழுப்பின, நிறுத்தன, கணக்கிட்டன. முழுப்பேரா அரைப்பேரா என்பதை அவையே தீர்மானித்தன. கைத்தொழில் முதலாளித்துவம் தொழிலாளியின் நேரத்தை எவ்வாறு தன்வயப்படுத்தியது என்பதை ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிக்கு மணிக்கூடு செய்ததை, நமது மலைகளில் தப்பும் சங்கும் செய்தன எனலாம். தப்பு நமது கலையின் சின்னம் என்று இன்று பெருமையோடு பேசுகின்றோம். அது உண்மையே. ஆயினும், அதே தப்பு ஆட்சியின் குரலாகவும் ஒலித்தது என்பதை மறந்துவிட்டு, இளைஞன் அதனை மறந்தான் என்று வருந்துவது வரலாற்று நோக்காகாது.

இவ்வுண்மையை நமது படைப்பாளிகள் நன்கு உணர்ந்திருந்தனர். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையிலே தப்பொலி வெறும் பின்னணி இசையாக அமையவில்லை. அது ஒரு மக்கட் கூட்டத்தின் நாளைத் தொடக்கிவைக்கும் ஆணையாகவும் துயராகவும் ஒருங்கே ஒலிக்கின்றது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதை இன்னும் நுட்பமானது. ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை மீது எழும் ஐயமே அக்கதையின் முடிச்சு. தராசு சொல்வதை ஊர் நம்ப மறுக்கின்றது; அவளது உழைப்பும் மானமும் ஒரே தட்டில் ஏறுகின்றன. ஒரு கருவியைச் சூழ்ந்துள்ள மனித உறவுகளைக் காட்டுவதன் மூலம் ஒரு சமூக அமைப்பையே காட்டிவிடலாம் என்பதற்கு அக்கதை நல்ல உதாரணமாகும். தோட்டத்துக்குச் சொந்தமான கருவிகளை இவ்வாறு கூர்ந்து நோக்கிய நமது இலக்கிய மரபு, தொழிலாளி தனக்கென வாங்கிய முதற் கருவியை அதே கூர்மையோடு நோக்கியதா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

அம்முதற் கருவி டிரான்சிஸ்டர் வானொலியே எனத் துணிந்து கூறலாம். கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கிவிட்டது. ஆயினும் மின்சாரமற்ற லயக் காம்பராவுக்கு வால்வுப் பெட்டியால் பயனில்லை. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, 1954 முதல் கையடக்கமான வானொலிகள் சந்தைக்கு வந்த பின்னரே, டோர்ச் பற்றரியில் இயங்கும் பெட்டி உலகெங்கும் ஏழைகளின் வீடுகளுக்குள் நுழைந்தது. இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாகிய காலத்திலும் அதன் பின்னரும், எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் ஆகிய அறிவிப்பாளரின் குரல்கள் லயங்களிலே வீட்டார் குரல்போல் பழகிப்போயின. தப்பு அழைத்தால் போயாக வேண்டும்; வானொலியையோ வேண்டும்போது திருகலாம், வேண்டாதபோது அணைக்கலாம். தொழிலாளியின் கட்டளைக்கு அடங்கிய முதற் கருவி அது. அதன் விசையைத் திருகுவதில் அடங்கியிருந்த இன்பத்தை ‘மோகம்’ என்று சொல்வோர், அதற்கு முந்திய நூறாண்டு காலம் அவனை யார் திருகினர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலைப் பக்கமாகச் செல்லும் வீதியிலே, நமுனுகுலை மலையின் அடிவாரத்தில் அமைந்தது பசறை. 2036 மீற்றர் உயரமுடைய அம்மலையும் அதன் கிளைகளும் கண்ணுக்கு அழகு; ஆனால் கருவிப் பிரியர்களுக்குத் தீராத தொல்லை. மத்திய அலை ஓரளவு மலையைச் சுற்றி வளைந்து வரும். பண்பலையும் தொலைபேசி அலையும் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. ஆதலின் ஒரு லயத்தின் மேற்கோடியில் தெளிவாகக் கேட்கும் பாட்டு, கீழ்க்கோடியில் இரைச்சலாகிவிடும். பெட்டிக்குள் கிடக்கும் கருங்கோலே அலையைப் பற்றுகின்றது என்ற விதியை எவரும் கற்பிக்காமலே, பெட்டியை எத்திசைக்குத் திருப்பினால் குரல் தெளியும் என்பதை அன்று சிறுவரும் அறிந்திருந்தனர். ஓய்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மாலைப் பொழுதுக்கு உயிர்கொடுப்பதும், செம்புக் கம்பியைக் கொய்யா மரத்தில் கட்டி அந்தரமாக இழுப்பதும் வீட்டு அறிவின் பகுதிகளாயின. இன்று அதே அறிவு வேறு வடிவில் தொடர்கின்றது. எந்தக் கல்லின் மேல் நின்றால் சிக்னல் கிடைக்கும், எந்த யன்னலோரத்தில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தால் அழைப்பு அறுபடாது, மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும்போது எத்தனை மணிக்குச் சார்ஜ் ஏறாது என்ற வரைபடம் ஒவ்வோர் இளைஞனின் மனத்திலும் உண்டு. அடைமழைக் காலத்தில் தகரக் கூரையின் ஓசை எந்த ஒலிபெருக்கியையும் தோற்கடித்துவிடும். மலைப்பனியின் ஈரம் சார்ஜர் வாயில் களிம்பேற்றும். இவை சிறு எரிச்சல்களே. ஆனால் இச்சிறு எரிச்சல்களை வெல்லும் முயற்சியிலேதான் அவதானமும் பரிசோதனையும் பிறக்கின்றன. ஆய்வுகூடமில்லாத பாடசாலையில் பௌதிகம் படிக்க வழியற்ற ஒருவன், பழுதான பெட்டியைப் பிரித்து ஈயம் பற்றவைத்துப் பார்க்கும்போது, அவன் செய்வது விளையாட்டு மட்டுமன்று.

இனி, வானொலிக்கும் இன்றைய தொலைபேசிக்குமிடையே உள்ள வேற்றுமையை நோக்குவோம். வானொலி கூட்டாகக் கேட்கப்பட்டது. ஒரு காம்பராவில் ஒலித்த நாடகத்தை அடுத்த காம்பராவும் கேட்டது. சுவரின் மேற்புறம் திறந்திருந்தமையால் கேட்காமலிருக்கவும் இயலாது. தமிழ்ச் சமூகத்தில் எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலையனுபவம் பெற்ற முதல் இடம் திரையரங்கே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டியமை பலரும் அறிந்தது. லயத்து வானொலியும் தன்னளவில் அத்தகையதொரு பொதுக்களத்தை அமைத்தது எனக் கொள்ளலாம். மாறாக, இயர்போன் செருகிய இளைஞன் தனியே கேட்கின்றான். ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில், நவீன கருவிகள் மனிதனை ஒருபுறம் உலகெங்கும் நடமாட வைத்து மறுபுறம் வீட்டுக்குள் ஒதுக்கிவிடும் இரட்டைப் போக்கை விளக்கினார். நமது விமர்சகரின் கவலைக்கு இது வலுச்சேர்ப்பதுபோல் தோன்றும்.

ஆனால் வில்லியம்ஸ் மனத்திற் கொண்ட வீடு வேறு, லயம் வேறு. அவர் கூறிய குடும்பத்துக்குப் பின்வாங்கிச் செல்ல ஒரு வீடு இருந்தது. 10 அடிக்கு 12 அடி என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் காம்பராவில் மூன்று தலைமுறை ஒன்றாய்ப் படுத்தெழும் இடத்தில், தனிமை என்பது மிகையாகப் பெருகிவிட்ட நோயன்று. ஒருபோதும் கிட்டாத செல்வம். பதுளை, ஹாலிஎலைப் பகுதியில் பிறந்து அம்மண்ணையே எழுத்தாக்கிய தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதையை இங்கு நினைவு கூரலாம். வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே அறையில் இரவைக் கழிக்க வேண்டிய குடும்பத்தின் கூச்சத்தையும் அவலத்தையும் அதுபோல் எடுத்துரைத்த கதை நமக்கு அரிது. அக்கதையைப் படித்த ஒருவர் இயர்போனை வெறும் ஆடம்பரம் என்று கூறத் தயங்குவார். பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும், தோழியுடன் இரகசியம் பேச விரும்பும் பெண்ணுக்கும், குடித்துவிட்டு ஏசும் தந்தையின் குரலைக் கேட்க விரும்பாத சிறுவனுக்கும் அச்சிறு கருவி எழுப்பித்தரும் சுவரே அவ்வீட்டிலுள்ள ஒரே உட்சுவர். கட்டித் தந்திருக்க வேண்டியவர்கள் கட்டித் தராத அறையை அவன் தன் காதுக்குள் கட்டிக்கொள்கின்றான்.

இவ்வாறு கூறுவதனால் கருவிகளின் வணிகத்தை நியாயப்படுத்துவதாகக் கொள்ளலாகாது. காதுக்குள் கட்டிய அறை வீட்டுக்கு ஈடாகாது. வீட்டுரிமைக்கும் காணியுரிமைக்குமான கோரிக்கையின் வேகத்தை அது தணித்துவிடுமாயின், அதனால் இழப்பே மிகுதி. செலவு பற்றிய குற்றச்சாட்டும் முற்றிலும் பொய்யன்று. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பல வாரக் கூலியை விழுங்கும் ஒரு தொலைபேசி தவணை முறையில் வாங்கப்படும்போது, கடையின் வட்டி அவ்வீட்டின் அரிசியிற் கைவைக்கின்றது. 2022 நெருக்கடியின்போது விலைகள் ஏறின. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எனினும், இங்கு கண்டிக்கத்தக்கது கூலியின் சிறுமையா, பொருளின் மீதுள்ள ஆசையா? கொழும்பில் இதே கருவியை வாங்குபவனை எவரும் மோகங்கொண்டவன் என்பதில்லை. அவன் காலத்தோடு செல்பவன் எனப் பாராட்டப்படுகின்றான். தொழிலாளியின் பிள்ளை வாங்கும்போது மட்டும் அது ஒழுக்கப் பிரச்சினையாகின்றது. நமது விமர்சனத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் வர்க்கப் பார்வை இதுவே. அதுமட்டுமன்று, 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, கருவி இல்லாத பிள்ளையே கல்வியை இழந்தான். ஊவாவின் பின்தங்கிய கிராமங்களில் மாணவர் சிக்னல் தேடி மலைப்பாறைகளில் ஏறிய செய்திகளை நாடறியும். அன்று தேவையென்று போற்றப்பட்ட பொருள் இன்று கேடென்று தூற்றப்படுகின்றது.

மரபு அழிகின்றது என்ற குற்றச்சாட்டுக்கும் இதே அளவு நிதானம் வேண்டும். மாசி மாதத்துக் காமன் கூத்தைத் தொலைபேசியில் பதிந்து, திருப்பூருக்கோ கத்தாருக்கோ சென்றுவிட்ட உறவினருக்கு அனுப்புபவனும் இதே இளைஞனே. தப்பிசையை ஆவணப்படுத்தும் பணியை நமது நிறுவனங்கள் செய்ததைவிட அவன் அறியாமலே அதிகம் செய்துவிட்டான் எனலாம். ஆயினும் ஒரு குறை உண்டு: பதிவுகள் பெருகினும், அவற்றைத் தொகுத்துப் பேணுவார் இல்லை; தொலைபேசி உடைந்தால் கூத்தும் போய்விடுகின்றது. இங்கு கொத்மலையின் முன்மாதிரி கருதத்தக்கது. 1989இல் அங்கு ஒரு சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு, நேயர் கேட்ட வினாக்களுக்கு அறிவிப்பாளர் இணையத்திலே விடை தேடி ஊரார் மொழியில் விளக்கும் நிகழ்ச்சி அதில் இடம்பெற்றது. தனிக் கருவியைப் பொதுக்களமாக்கும் வழி நமது மலைகளிலேயே அன்று பரிசோதிக்கப்பட்டுவிட்டது. அதனை வளர்த்தெடுக்காத பொறுப்பை இளைஞன் தலையில் ஏற்றுவது நீதியன்று.

பிரியத்தோடு கருவிகளைப் பற்றிப் பேசும் நாமும் ஒன்றை மறைத்தலாகாது. வானொலி தட்டின் மேல் இருந்தது. அடுப்படியில் நின்ற தாய்க்கும் அது கேட்டது. தொலைபேசியோ மகனின் சட்டைப் பையில் இருக்கின்றது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து, விறகு, தண்ணீர், சமையல் என இரண்டாம் பிரட்டைத் தொடங்கும் பெண்ணுக்குத் தன்வயமான நேரமும் இல்லை, தன்வயமான கருவியும் பெரும்பாலும் இல்லை. தங்கையின் தொலைபேசியைத் தமையன் சோதிக்கும் வீடுகள் பலவுள. தப்பிலிருந்து வானொலிக்கும், வானொலியிலிருந்து தொலைபேசிக்கும் நேர்ந்த மாற்றத்தை விடுதலையின் வளர்ச்சி என்று நாம் எழுதினால், அது ஆணின் விடுதலை மட்டுமே என்ற அடிக்குறிப்பும் அதற்கு வேண்டும். ‘கருவி மோகம்’ பற்றிய நமது மேடைப் பேச்சுக்களில் இக்கேள்வி ஒருபோதும் எழாமையே அப்பேச்சுக்களின் பெருங்குறை எனலாம்.

ஆகவே, நாம் வேண்டுவது கருவியைக் கண்டிக்கும் இலக்கியமுமன்று, கருவியைப் பாடும் இலக்கியமுமன்று. தராசைப் பற்றி இராமையா எழுதியதுபோல், காம்பராவைப் பற்றித் தெளிவத்தை ஜோசப் எழுதியதுபோல், சார்ஜர் ஒன்றுக்காக மூன்று பிள்ளைகள் சண்டையிடும் மாலையையும், தவணைப் பணம் கேட்டு வரும் கடைக்காரனையும், பசறை நகரில் சிறு மேசை போட்டு உடைந்த தொலைபேசிகளுக்கு உயிர் கொடுக்கும் தோட்டத்து இளைஞனின் கைத்திறனையும் உள்ளபடி எழுதும் யதார்த்த இலக்கியமே நமக்கு வேண்டும். அவ்விளைஞனின் திறனுக்குச் சான்றிதழ் இல்லை. பரீட்சைத் திணைக்களம் அவனை அறியாது. அவனைச் சிரிப்புப் பாத்திரமாக்கும் நாடகத்துக்குப் பரிசு வழங்கும் நாமும் அவனை அறியாதவர்களே. இருநூறாண்டுக் காலம் பிறர் கருவிகளால் அளக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், இன்று தன் கையிலுள்ள கருவியால் உலகை அளக்கத் தொடங்கியுள்ளது. அந்த அளவையில் பிழைகள் இருக்கலாம். அவற்றைத் திருத்த முனைவதே விமர்சனத்தின் கடன். கருவியைப் பறித்துத் தப்பை மீண்டும் கையில் கொடுப்பதன்று.