எர்டிகாவின் மூன்றாம் வரிசை: இரண்டு பையன்களும் எழுபது வளைவுகளும்

ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஏழு சீட் வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் வீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் இல்லை என்று அர்த்தம். என் பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு எட்டு. எங்கள் பழைய ஹேட்ச்பேக்கின் பின் சீட்டில் இருவருக்கும் நடுவே என் மாமியார்தான் எல்லைக்கோடு. யார் யாரை அடித்தாலும் பாதி அடி அவர்மேல் விழும். "அம்மா, இவன் என்னையே பாத்துட்டு இருக்கான்" என்ற முதல் புகார், வண்டி சேலத்தைத் தாண்டுவதற்குள் வந்துவிடும். பார்ப்பது என்ன குற்றம் என்று கேட்டால், "அவன் பாக்கற மாதிரி பாத்தா தெரியும்" என்பான்.

அதனால் தம்பியின் மாருதி சுசுகி எர்டிகாவைக் கேட்டு வாங்கிக் கொல்லிமலைக்கு ஓட்டிப் போனபோது, நான் அளக்க நினைத்தது பையன்களுக்கு நடுவே கிடைக்கும் தூரத்தைத்தான். மற்றதெல்லாம் அப்புறம். வண்டி 2022-க்குப் பிந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக். 1.5 லிட்டர் எஞ்சின், 103 பிஎஸ் திறன், ஆறு கியர்.

நீளம் 4,395 மில்லிமீட்டர், இரண்டு அச்சுகளுக்கு இடையே 2,740. இந்த நீளத்துக்குள் மூன்று வரிசையை அடக்கியிருக்கிறார்கள். நடு வரிசை 60:40 என்று பிரிந்து முன்னும் பின்னும் நகரும். கடைசி வரிசை பாதி பாதியாக மடியும். ஒரு பாதியை மடித்துவிட்டு அங்கே புளிச்சோற்றுத் தூக்கு, தண்ணீர் கேன், அருவியில் குளிக்க மாற்றுத்துணி எல்லாம் வைத்தோம். மறுபாதியில் சின்னவன். நடு வரிசையில் ஜன்னலோரம் பெரியவன், இந்தப் பக்கம் மாமியார் காலை நீட்டிக்கொண்டு. மூன்று வரிசையையும் நிமிர்த்தி வைத்தால் பின்னால் மிஞ்சும் இடம் 209 லிட்டர்தான். ஏழு பேரும் ஏறிவிட்டால் ஆளுக்கொரு பை வைக்கவே இடம் போதாது. ஐந்து பேருக்கு இது பிரச்சினையே இல்லை.

ராசிபுரம் வரை அமைதி. நம்பமுடியாத அமைதி. கை நீட்டினால் எட்டாது, காலால் உதைத்தால் சீட்டின் முதுகில்தான் படும். பேளுக்குறிச்சி நெருங்கும்போதுதான் பின்னாலிருந்து குரல்: "எனக்குக் காத்தே வரல." இந்த மாடலில் பின்பக்க ஏசி கூரையில், நடு வரிசைக்கு மேலே இருக்கிறது. காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் அங்கேதான். அதாவது கட்டுப்பாடு முழுக்கப் பெரியவன் கையில். கடைசி வரிசைக் கண்ணாடி திறக்காது. காற்றைத் தம்பி பக்கம் திருப்பிவிட அண்ணன் கேட்ட விலை, அன்று மாலை வரைக்கும் டேப்லெட். மாமியார் எழுந்து கையை நீட்டித் திருகைத் திருப்பிவிட்டு, "ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றபின் பேரம் முறிந்தது. 2025-இல் வந்த மாற்றத்தில் மூன்றாம் வரிசைக்குத் தனி ஏசி கொடுத்துவிட்டார்கள். வடிவமைத்தவர்களில் யாருக்கோ இரண்டு பையன்கள் இருந்திருக்க வேண்டும்.

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த வண்டியிலும் கடைசி வரிசைதான் அதிகம் ஆடும்; அங்கே உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்தால் வயிறு புரளும். ஆகவே அடிவாரத்திலேயே சின்னவனை நடு வரிசைக்குக் கொண்டுவந்தாயிற்று. இந்த வண்டி சண்டைக்குக் கொடுக்கும் மருந்து தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான் என்பது அங்கேதான் தெளிவானது. மலையில் மாமியார் மறுபடி நடுவில். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் சின்னவனின் சட்டைக் காலர்.

காப்பாற்றியது நெடுஞ்சாலைத் துறை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. ஒற்றைப்படை பெரியவனுக்கு, இரட்டைப்படை சின்னவனுக்கு. தன் எண்ணைத் தவறாமல் பார்த்துச் சொன்னால் புள்ளி. பத்து வளைவுக்குள் ஏமாற்று வேலை தொடங்கியது என்றாலும் உதை குறைந்தது.

ஓட்டுபவருக்கு மலை கொஞ்சம் வேலை வைக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின். ஐந்து பேர், ஏசி, செங்குத்து ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் வளைவிலிருந்து வெளியே வரும்போது முனகுகிறது. ஆட்டோமேட்டிக்கை அதன் போக்கில் விட்டால் இரண்டா மூன்றா என்று யோசித்துக்கொண்டே நிற்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலால் இரண்டாம் கியரில் பிடித்து வைத்தால் ஒழுங்காக ஏறுகிறது. இறங்கும்போதும் அதேதான், பிரேக்கையே நம்பி வந்தால் அடிவாரத்தில் கருகிய வாடை அடிக்கும். திருப்புவதற்கு, இந்த நீளத்துக்கு நல்ல சுலபம். எதிரே பஸ் வந்தபோதுகூடப் பதற்றமில்லை. நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 20.30 கிலோமீட்டர். மலையில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

மேலே செம்மேட்டில் டீ, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறவேண்டும். பையன்களைக் களைக்க வைப்பதில் எந்த வண்டியின் எந்த வசதியும் அந்தப் படிகளுக்கு ஈடாகாது.

சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத ஒன்று உண்டு. 2024-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எர்டிகா பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் சிறுவர்கள் பாதுகாப்புக்கு இரண்டும்தான் வாங்கியது. சோதித்தது இரண்டு ஏர்பேக் வண்டியை. 2025 முதல் ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் வருகிறது, ஆனால் ஏர்பேக் கூடியதால் வண்டியின் கூடு பலமாகிவிடாது. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் டிக்கிக் கதவைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். பையனை அங்கே உட்காரவைத்தால் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். "பின்னாடிதானே" என்கிற பேச்சே வேண்டாம்.

நான்கு பேர் மட்டும் உள்ள வீடென்றால் இதே குடும்பத்தைச் சேர்ந்த எக்ஸ்எல்6 பொருத்தம். நடு வரிசையில் இரண்டு தனித்தனி நாற்காலி, இடையில் நடைவழி. மலையிலும் பிரிவினை நீடிக்கும். பாட்டியோ தாத்தாவோ கூட வருவதென்றால் அதில் ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டும். பணம் குறைவென்றால் ரெனோ டிரைபர். நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டி, மூன்றாம் வரிசைக்கும் ஏசி உண்டு, ஆனால் ஒரு லிட்டர் எஞ்சினோடு கொல்லிமலை ஏறப் பொறுமை வேண்டும்.

பழைய எர்டிகாவை வாங்கப் போகிறீர்கள் என்றால் மதிய வெயிலில் போய்ப் பாருங்கள். இரண்டு பையன்களையும் கூட்டிப் போங்கள். ஒருவனை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்து ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அவன் அங்கிருந்து இறங்க மறுத்தால் மட்டும் விலை பேசலாம்.