கதிர் பொறுக்கும் உரிமை: ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ திரைப்படமும் அகதி இளைஞனின் கல்வியும்

ஈழத்து அகதிகளைப் பற்றிப் பேசிய தமிழ்த் திரைப்படங்கள் சிலவே. ‘தெனாலி’ (2000) ஈழத்து ஆண்மகனை எதற்கும் அஞ்சுபவனாகக் காட்டி நம்மைச் சிரிக்கவைத்தது. ‘நந்தா’ (2001) அகதிப் பெண்ணைக் கதாநாயகனின் காதலியாகவும், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஈன்ற மகவை விட்டுச்சென்ற தாயாகவும் காட்டின. அபிஷன் ஜீவிந்த் இயக்கி 2025 மே மாதம் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கதொரு முன்னேற்றம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கையின் பொருளாதார வீழ்ச்சியால் தருமதாஸ் என்பவர் மனைவியோடும் இரு ஆண்மக்களோடும் படகேறி வந்து, சென்னையில் ஒரு தெருவில் மறைந்து வாழ்கிறார். அவர் கோமாளியுமல்லர், குற்றவாளியுமல்லர். பிழைக்க வழி தேடும் தகப்பன். தம் பேச்சுத்தமிழையே மறைக்கவேண்டியிருந்த அக்குடும்பத்தை, தெருவார் முடிவில் தம்மவராக ஏற்றுக்கொள்கின்றனர். இது நற்செய்திக்கு நெருங்கிய கதை என்று அருளுரையாளர் பலர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

ஆயினும் வேப்பம்பட்டிலிருந்து இதனை எழுதும் நமக்கு ஒரு வினா எஞ்சுகிறது. இப்பகுதியில் பொறியியற் கல்லூரிகள் உள்ளன. காலை இரயில்களில் மாணவரும் தொழிலாளரும் நெருக்கியடித்து வருகின்றனர். இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையும் உண்டு, ஈழத்தமிழர் முகாமும் உண்டு. திரைப்படத்தின் மூத்த மகனைப் போன்ற ஓர் இளைஞன் அம்முகாமில் பிறந்து வளர்ந்தால், அவன் படிப்பு எங்கே சென்று முடியும்?

1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2021-இல் அரசு தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். அவ்வாண்டு முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. கல்வி உதவித்தொகையும் உயர்த்தப்பட்டது. 1984-இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வியை வளர்த்துவந்துள்ளது. ஆகவே கல்லூரிக் கதவு முற்றிலும் அடைபட்டதன்று. இடர் கல்லூரியைக் கடந்த பின்னரே முழு உருவில் வருகிறது. இருவருமே ஈழத்தவரான பெற்றோருக்கு 1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளை, பிறப்பால் குடிமகனாவதில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. குடியுரிமை கேட்கும் அரசுப்பணி அவனுக்கு எட்டாது. பட்டம் பெற்ற பின்பும் வீடுகளுக்கு வண்ணம் பூசும் கூலிக்குச் செல்லும் முகாம் இளைஞர் பலர். இதனைக் காணும் தம்பி, ‘மூன்றாண்டு படிப்பானேன், இன்றே வாளியும் தூரிகையும் எடுத்தாலென்ன?’ என்று கேட்டால் அவனைச் சோம்பேறி என்பது நியாயமாகுமா? குடும்பத்தைத் தாங்கவேண்டியவன் ஆண்மகன் என்ற எதிர்பார்ப்பும் அவனை வகுப்பிலிருந்து கூலிக்கே இழுக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் உச்சநீதிமன்றம் 1982-இல், ஆவணமற்ற பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளியை மறுக்கலாகாதெனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் காவல் பள்ளியோடு நின்றுவிடுகிறது. இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இளைஞர் பலர் பகலில் உழைத்து, மாலையில் சமுதாயக் கல்லூரியில் பயில்கின்றனர். ஆவணமற்றவன் அங்கே பெறும் சான்றிதழும் அவனுக்கு வேலை செய்யும் அனுமதியைத் தருவதில்லை.

திரைப்படத்தின் குறை இங்கேதான் புலனாகிறது. அது அன்பை நம்புகிறது, நீதியைக் கேட்கவில்லை. தெருவார் நல்லவராயிருப்பதால் குடும்பம் தப்புகிறது. அவர்கள் நல்லவராயிராவிடில்? குடும்பத்தாரும் யாவர்க்கும் இனியவராயிருப்பதால் இரக்கம் பெறுகின்றனர். இனியவனல்லாத, சினமுள்ள, தேர்வில் தவறிய இளைஞனுக்கு இடமுண்டா?

ரூத்தின் நூலை நாம் இவ்வகையில் தவறாகவே பிரசங்கித்து வருகிறோம். போவாசின் தயவையே போற்றுகிறோம். ஆனால் மோவாபியப் பெண் அவன் வயலுக்குள் நுழைந்தது அவன் தயவால் அன்று. அறுவடையில் சிந்தியதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடுமாறு லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிட்டிருந்தது. சட்டம் வாசலைத் திறந்தது. தயவு அதற்குமேல் வந்தது. சட்டமில்லாத தயவு அகதியை என்றென்றும் நன்றிக்கடன்பட்டவனாகவே வைத்திருக்கும்.

தானியேல் முதல் அதிகாரம் நம்மை இன்னும் நாணச்செய்கிறது. சிறைப்பட்டுவந்த யூத இளைஞரின் பெயரைப் பாபிலோன் மாற்றியது. அதன் கொடுமையை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் மூன்றாண்டு கற்பித்தபின் அவர்களை அரசவையில் நிறுத்தியது. நாமோ அந்நியன் என்ற பெயரை மாற்றாமலே கற்பித்து, பட்டமளித்து, வாசலில் நிறுத்துகிறோம்.

திருச்சபை கல்லூரிகளை நடத்துகிறது. அங்கு முகாம் மாணவனுக்கு இடம் கொடுப்பது நன்று. அது கதிர் சிந்துவதற்கு ஒப்பாகும். அவனுடைய குடியுரிமைக்காகவும் வேலையுரிமைக்காகவும் திருச்சபை வாய்திறக்கிறதா என்பதே சோதனை. கிறிஸ்துமஸ் காலத்தில் முகாமுக்குப் போர்வை கொண்டுசெல்லும் நாம், இவ்வாண்டு அங்குள்ள பட்டதாரிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிவருவோமா?