வலிப்பு நோயும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. உல்லாசப் பயணிகள் அவற்றை எண்ணி மகிழ்வார்கள். சேர்வராயன் மலையின் உட்கிராமம் ஒன்றில், காப்பித் தோட்டக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு பையனுக்கு வலிப்பு நோய் என்று வைத்துக்கொள்வோம். அவன் பெற்றோருக்கு நாம் கூறும் அறிவுரை என்ன? "சேலத்தில் நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள்" என்பதே. அறிவுரை சரிதான், ஆனால் பாதி அறிவுரை.

மூளையின் நரம்பணுக்கள் பல ஒரே சமயத்தில் கட்டுமீறி மின் தூண்டல்களை வெளியிடுவதால் நேர்வது வலிப்பு. பேய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. கையில் திணிக்கும் சாவிக்கொத்துக்கும் இல்லை. (பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடுகின்றன, பெருமையைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது!) மாத்திரைகள் இந்த மிகைத் தூண்டலை அடக்கி வைக்கின்றனவே அன்றி நோயை வேரோடு களைவதில்லை. ஆகவே அவற்றை ஆண்டுக்கணக்கில், நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். ஓயாது நீடிக்கும் தொடர் வலிப்பு உயிரையே பறித்துவிடக்கூடும். மாத்திரை தீர்ந்த வாரத்தில் பஸ்ஸுக்குக் காசில்லை என்பது இந்நோயில் சிறு செய்தியன்று.

கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையை அடுத்த எளந்தூர் வட்டாரத்தில், பெங்களூர் நரம்பியல் நிபுணர் கே. எஸ். மணியும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2001-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. கிராமத்து நோயாளிகளுக்கு அவர்கள் கொடுத்தவை பீனோபார்பிடால், பெனிடாயின் என்னும் இரண்டே மருந்துகள். முன்னது 1912 முதலும், பின்னது 1938 முதலும் வலிப்புக்குப் பயன்பட்டு வருபவை, மிக மலிவானவை. பெரும்பாலோருக்கு வலிப்பு கட்டுப்பட்டது. சிகிச்சைக்கு முன்பே மிகப் பல முறை வலிப்பு கண்டவர்களுக்கு மட்டும் பலன் குறைவு.

இந்த ஆய்வை அப்படியே தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. பலன் குறைந்ததற்குத் தாமதம்தான் காரணமா, அல்லது அவர்களுடைய நோயே தொடக்கத்திலிருந்து கடுமையானதா? இதனை இவ்வகை ஆய்வால் பிரித்தறிய இயலாது. மேலும், ஆர்வமுள்ள நிபுணர்கள் தேடிச் சென்று செய்த பணியை ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று அன்றாட வழக்கமாகச் செய்யுமா என்பது வேறு கேள்வி. எனினும் கிராமத்து நோயாளிக்கு வேண்டிய மருந்து விலையுயர்ந்த புதிய மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை எளந்தூர் தகர்த்துவிட்டது.

பீனோபார்பிடாலுக்கு மலைவாழ் மக்களுக்கு உகந்த குணம் ஒன்று உண்டு. பெரியவர்களின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று, நான்கு நாட்கள் ஆகும். எனவே இரவில் ஒரு வேளை உட்கொண்டால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் அதற்கு இடமுண்டு. குறை இல்லாமலில்லை. தூக்க மயக்கம் தரும். பள்ளிப் பிள்ளைகளின் கவனத்தை மழுங்கச் செய்யலாம். அத்தகையோருக்கு வேறு மருந்தை மருத்துவர் தேர்வார்.

அப்படியானால் நிபுணர் தேவையில்லையா? கட்டாயம் தேவை. நோயைக் காரணத்தோடு கண்டறிய முதலில் ஒரு முறை அவரிடம் செல்ல வேண்டும். வேலூர் மாவட்டத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வொன்றில், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் தங்கிய பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி என்று தெரிந்தது. ஸ்கேன் இன்றி இதனை அறிவது அரிது. அன்றியும், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்தால் மட்டும் வலிப்பு அடங்குவதில்லை. அவர்களுள் சிலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1952-இலேயே அதனைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-இல் தொடங்கிற்று. இத்தகையோருக்கு நிபுணரின் நேரம் கிடைக்க வேண்டுமானால், பழைய சீட்டையே திரும்ப எழுதி வாங்க வருவோரின் வரிசை அவர் வாசலில் குறைய வேண்டும்.

அந்தச் சீட்டை மலைமேலேயே புதுப்பிப்பதில் பெரிய விஞ்ஞானச் சிக்கல் எதுவுமில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. வலிப்பு மாத்திரையும் அதே பையில் அடங்கக்கூடியதுதான். நிபுணர் எழுதியதை நிலைய மருத்துவர் தொடர்ந்து தரலாம். எத்தனை மாத்திரை மீந்திருக்கிறது என்று கிராம சுகாதாரச் செவிலியர் எண்ணிப் பார்க்கலாம். வலிப்பு மீண்டும் வந்தால் மட்டும் சேலத்துக்கு அனுப்பலாம்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே இரண்டு மாத மாத்திரை மலையேறியிருக்க வேண்டும்.